கப்பல் சாப்பாடு ஏன் இறங்கிவிட்டது? அடுக்களையிலும் மேசையிலும் கண்டவை

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கப்பல் புதிதல்ல. வள்ளத்திலும் விசைப்படகிலும் மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், சரக்குக் கப்பலிலும் சொகுசுக் கப்பலிலும் ஒப்பந்த வேலைக்குப் போய், பல மாதம் கழித்து விடுப்பில் ஊர் திரும்புகிறவர்கள் இன்னொரு பக்கம். அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் என்று, காசு கொடுத்துப் பயணியாகவே கப்பல் ஏறுகிறவர்கள். நான் இப்போது நாகர்கோவிலில் விருந்துச் சமையல் எடுத்து நடத்துகிறேன். அதற்கு முன் பல ஆண்டுகள் சொகுசுக் கப்பல்களின் அடுக்களையில், காய் நறுக்கும் இடத்தில் தொடங்கி, சூடான உணவுப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தும் நிலை வரை வேலை பார்த்தேன். ஆகவே பயணச்சீட்டு எடுக்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி “சாப்பாடு எப்படி இருக்கும்?” என்பதாகவே இருக்கிறது. போய்த் திரும்பியவர்கள் பேசுவதும் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். அதில் குறைதான் மிகுதி.

அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. சொகுசுக் கப்பல் உணவின் தரம் இறங்கியிருக்கிறது என்பதை உள்ளிருந்தும் பார்த்தேன், பின்னர் குடும்பத்தோடு பயணியாகப் போய் மேசையில் அமர்ந்தும் பார்த்தேன். ஆனால் எது இறங்கியிருக்கிறது, எது இறங்கவில்லை என்பதைப் பிரித்தறிய வேண்டும். சுத்தம் குறையவில்லை, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தைவிடக் கூடியிருக்கிறது என்றே சொல்வேன். குறைந்திருப்பவை தட்டில் விழும் இறைச்சி மீனின் அளவும், அன்றன்றே கப்பலில் செய்யப்படும் பண்டங்களும், உணவுப் பட்டியலின் நீளமும், பரிமாறுகிறவர் ஒரு மேசைக்குத் தரக்கூடிய நேரமும்தான்.

அடுக்களையில் நடந்த மாற்றத்தை ஒரு சூப்பை வைத்தே சொல்லிவிடலாம். நான் சேர்ந்த புதிதில், கவிழ்த்து ஊற்றும் வகையிலான பெரிய நீராவிக் கொப்பரைகளில் மாட்டெலும்பும் கோழியெலும்பும், வெங்காயம், காரட், செலரித் தண்டு ஆகியவற்றோடு இரவெல்லாம் வெந்துகொண்டிருக்கும். விடியற்காலையில் அதை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, சூப்புக்கும் குழம்புகளுக்கும் பங்கு பிரிப்போம். அந்த வேலைக்கென்றே இரவில் ஆள் இருந்தார். சில ஒப்பந்தங்களுக்குப் பிறகு நான் ஏறிய ஒரு கப்பலில் அந்த ஆளும் இல்லை, எலும்பும் இல்லை. உப்பு தூக்கலான பசை அடைத்த வாளிகள் வந்திருந்தன. ஒரு கரண்டிப் பசையை இத்தனை லிட்டர் வெந்நீரில் கலக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த தாள் சொன்னது. உருளைக்கிழங்கு தோல் சீவி வெட்டிய நிலையில் பையில் வந்தது. காலை உணவின் முட்டைப் பொரியலுக்கு, கிருமி நீக்கிய திரவ முட்டை அட்டைப்பெட்டியில் வந்தது. இதில் திரவ முட்டையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் இடத்தில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமியைத் தவிர்க்க அது சரியான வழி. ரொட்டியைப் பல கப்பல்கள் இன்றும் இரவு முறையில் தாங்களே சுடுகின்றன. ஆனால் பசையில் கலக்கிய சூப்புக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் கப்பலில் முதலில் ஏமாறுவது மீனில்தான். சுற்றிலும் கடல் இருப்பதால் புது மீன் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கப்பலுக்கு வேண்டிய பண்டங்கள் பெரும்பாலும் பயணம் தொடங்கும் துறைமுகத்தில், பழைய பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் அந்த ஒரே நாளில், சரக்குப் பலகைகளில் அடுக்கி ஏற்றப்படுகின்றன. மீன் அநேகமாக உறைநிலையில், தோலும் முள்ளும் நீக்கிய துண்டுகளாக வரும். தேவைக்கு முந்தின நாள் அதைக் குளிர் அறைக்கு மாற்றி மெல்ல இளக வைப்போம். இளகும்போது வெளியேறும் நீரோடு பாதி ருசியும் போய்விடும். பிறகு அடுப்பில் வாட்டி, தட்டுகளில் வைத்து மூடி, சூடான பெட்டி வண்டியில் அடுக்கினால், மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் மீதி நீரும் வற்றிவிடும். குளச்சலில் காலையில் ஏலம் போன நெய்மீனை மதியம் தேங்காய் அரைத்த குழம்பில் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது மீனாகவே படாது. உறைமீனிலும் தரம் உண்டு. முன்பு தடித்த துண்டுகளாக வந்த சால்மன், காட் (cod) மீன்கள் இருந்த இடத்தில், விலை மலிந்த பாசா, திலாப்பியாத் துண்டுகள் அடிக்கடி வரத் தொடங்கியதையும் நான் கண்டேன்.

காரணம் பணம்தான், ஆனால் பேராசை என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிட முடியாது. ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு உணவுச் செலவு இவ்வளவு என்று தலைமைச் சமையற்காரருக்கு ஒரு வரம்பு விதிக்கப்படும். வாரந்தோறும் அந்தக் கணக்கு கரைக்கு அனுப்பப்படும். பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் உணவுச் செலவு தனி வரியாகவே இருக்கிறது. மொத்த வருவாயோடு ஒப்பிட்டால் அது பத்தில் ஒரு பங்குகூட வராது. 2020 மார்ச்சில் உலகெங்கும் சொகுசுக் கப்பல்கள் நின்றன. ஓராண்டுக்கு மேல் வருமானமே இல்லாமல் கப்பல்களைப் பராமரிக்க வேண்டியிருந்தது. அதனால் கார்னிவல் குழுமத்தின் கடன் 3,000 கோடி டாலரையும், ராயல் கரீபியன் குழுமத்தின் கடன் 2,000 கோடி டாலரையும் தாண்டின. 2022-இல் எரிபொருள், கோதுமை, சமையல் எண்ணெய் ஆகியவற்றின் விலை ஒருசேர ஏறியது. எரிபொருள் இல்லாமல் கப்பல் ஓடாது, துறைமுகக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்ல முடியாது, கடனுக்கு வட்டி கட்டாமல் இருக்க முடியாது. கை வைக்க எளிதாகக் கிடைத்தது அடுக்களை. ஒரு துண்டு இறைச்சியில் இருபது கிராம் குறைத்தால் சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. ஆனால் ஐயாயிரம் பேருக்கு, வருடம் முழுவதும் என்று பெருக்கிப் பாருங்கள்.

கப்பல்கள் நின்றிருந்த அந்த இடைவெளியில் ஆட்களும் போய்விட்டார்கள். என்னோடு நின்ற நல்ல கைகள் பலர், இனி கடலுக்கு வேண்டாம் என்று துபாயிலும் கத்தாரிலும் விடுதிகளில் சேர்ந்துவிட்டார்கள். சிலர் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் சொந்தக் கடை போட்டுவிட்டார்கள். பத்து வருடம் சாஸ் பிரிவில் நின்றவருக்குப் பதிலாக, பயிற்சி முடித்த கையோடு வந்த தம்பி நிற்கும்போது, அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், ருசியில் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். கப்பல்களோ முன்னைவிட நிரம்பி ஓடுகின்றன. ஓர் அறைக்கு இரண்டு பேர் என்றுதான் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள்; மூன்றாவது, நான்காவது படுக்கையிலும் ஆள் ஏறுவதால் பயணிகள் எண்ணிக்கை அந்தக் கொள்ளளவில் நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது.

இன்னொரு மாற்றம் கட்டண உணவகங்கள். முன்பு பயணச்சீட்டுக்குள் அடங்கிய பெரிய உணவுக்கூடம்தான் கப்பலின் பெருமை. நள்ளிரவு விருந்தில் பனிக்கட்டியில் அன்னமும் மீனும் செதுக்கி வைத்து, தர்பூசணியில் பூ வெட்டி அடுக்குவோம். பயணிகள் சாப்பிடுவதற்கு முன் படம் எடுக்கவே வரிசையில் நிற்பார்கள். அது பெரும்பாலான கப்பல்களில் மறைந்துவிட்டது. இப்போது நல்ல இறைச்சியும் கைதேர்ந்த சமையற்காரர்களும் தனிக் கட்டணம் வாங்கும் ஸ்டேக் கடைக்கும் ஜப்பானிய உணவகத்துக்கும் முதலில் போகின்றன. 2023-இல் ராயல் கரீபியன் தன் முதன்மை உணவுக்கூடத்தின் பட்டியலை இரவுக்கொரு நாட்டுச் சமையல் என்ற முறைக்கு மாற்றியது. பரிமாறும் நேரத்தைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அறைக்கு உணவு கொண்டுவருவதற்கு நார்வீஜியன் நிறுவனம் 2015-இலும் ராயல் கரீபியன் 2017-இலும் 7.95 டாலர் கட்டணம் விதிக்கத் தொடங்கின. கார்னிவலில் இரவுணவின்போது மூன்றாவது முதன்மைப் பண்டம் கேட்டால் 5 டாலர் கூடுதலாகும். இவை மாறிக்கொண்டே இருக்கும் கட்டணங்கள். பயணத்துக்கு முன் அந்தந்த நிறுவனத்தின் கைபேசிச் செயலியில் பார்த்துக்கொள்வது நல்லது.

அம்மாவையும் அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு, திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறி, சிங்கப்பூரில் ஒரு பெரிய கப்பலில் போன அனுபவத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஏறிய மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குப் பஃபேக்குப் போனோம். இட்லி ஓரம் காய்ந்து, நடுவில் கரண்டிக்கு எதிர்த்து நின்றது. சாம்பார் சூடு காக்கும் விளக்கின் கீழ் வற்றி, பாத்திரத்தின் ஓரத்தில் கோடு கோடாக அப்பியிருந்தது. மதியம் கிடைத்த மீனை வாயில் போட்ட அம்மா, “இது என்ன மீனுன்னே தெரியலியே மக்களே, ஒரு ருசியும் இல்ல” என்றார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள். நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். அன்று பிற்பகல் முதன்மை உணவுக்கூடத்துக்குப் போய், தலைமைப் பரிமாறுநரைக் கண்டு பேசினேன். அவர் இந்தியச் சமையற்காரர் ஒருவரை அழைத்து வந்தார், மங்களூர்க்காரர். இரவுணவுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டால் செய்து தருவதாகச் சொன்னார். அடுத்த நாள் இரவு எங்கள் மேசைக்கு வெண்டைக்காய்ப் பொரியலும், பருப்பும், சுடச்சுடச் சப்பாத்தியும், எண்ணெய் குறைத்து வாட்டிய கோழியும் வந்தன. அதே அடுக்களை, அதே பண்டங்கள்தான். பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் கிடந்ததற்கும், பத்துப் பேருக்கென்று தனியே தாளித்ததற்கும் உள்ள வேறுபாடு அது. மீதி நாட்கள் முழுவதும் அம்மாவுக்குக் குறையே இருக்கவில்லை.

இதனால் எல்லோருக்கும் நான் வற்புறுத்திச் சொல்வது, உணவுத் தேவையைக் கப்பலில் ஏறிய பிறகு சொல்லலாம் என்று இருந்துவிடக் கூடாது என்பதுதான். சைவம், ஜைன உணவு, ஹலால், ஒவ்வாமை, சர்க்கரைக் கட்டுப்பாடு எதுவாக இருந்தாலும், முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்து, ஏறிய முதல் நாளே உணவுக்கூடத்தில் நேரில் உறுதி செய்ய வேண்டும். அதன்பின் ஒவ்வோர் இரவும் மறுநாள் பட்டியலைக் கேட்டு, வேண்டியதைச் சொல்லிவைக்கலாம். அடுக்களைக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் அவர்களால் செய்ய முடிவது மிக அதிகம். பஃபேக்குப் போவதாக இருந்தால் கதவு திறந்த முதல் அரை மணிக்குள் போய்விட வேண்டும். கட்டண உணவகத்தில் ஒரு வேளையாவது சாப்பிட விரும்பினால், மதிய உணவும், கப்பல் புறப்படும் முதல் நாளின் சலுகைகளும் விலை மலிவு. சொல்லப்படும் விலையின் மேல் சேவைக் கட்டணம் சேருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நிறுவனம் நல்லது என்ற கேள்விக்கு வருகிறேன். பெயரை வைத்து ஒப்பிடுவதைவிட, எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று பார்ப்பது பலன் தரும். 2024-இல் வந்த ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பல், அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகளையும், உச்ச அளவில் 7,600 பேரையும் ஏற்றும். ஊழியர்கள் ஏறத்தாழ 2,350 பேர். 2023-இல் வந்த, ஓசியானியா நிறுவனத்தின் விஸ்டா கப்பலில் 1,200 பயணிகளுக்கு 800 ஊழியர்கள். ஓசியானியா உணவையே தன் அடையாளமாக வைத்து நடத்துகிறது. சிறப்பு உணவகங்களுக்குத் தனிக் கட்டணமும் வாங்குவதில்லை. ஆனால் பயணச்சீட்டு விலையே மிக அதிகம். பெரியவர்களை மட்டும் ஏற்றும் வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் பஃபே இல்லை, முதன்மை உணவுக்கூடமும் இல்லை. இருபது வரையான சிறு உணவகங்கள் சீட்டுக்குள்ளேயே அடங்கும். ஒரு நேரத்தில் குறைந்த பேருக்குச் சமைப்பதால் அந்த முறை ருசிக்கு நல்லது என்பது அடுக்களையில் நின்றவன் என்ற முறையில் என் கருத்து. எம்எஸ்சி கப்பல்களில் பிட்சாவும் பாஸ்டாவும் நம்பிக்கையோடு சாப்பிடலாம். டிஸ்னி கப்பல்களில் பரிமாறுகிறவர்கள் ஒவ்வோர் இரவும் உங்களோடு உணவகம் மாறி வருவார்கள். குளிர்பானத்துக்கும் காசு இல்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

நம் பக்கத்தவர் பலரும் போவது இரண்டு கப்பல்களில்தான். ஒன்று கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ். 1990-இல் கட்டப்பட்டு, ராயல் கரீபியன் குழுமத்தில் நெடுங்காலம் ஓடிய கப்பல் அது; 2021 முதல் இந்தியத் துறைமுகங்களிலிருந்து இயங்குகிறது. பருவத்துக்கேற்பக் கொச்சியிலும் சென்னையிலும் ஏறலாம். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர் என்பதால் சைவ, ஜைன உணவு அங்கே சிறப்பு ஏற்பாடு அல்ல, அன்றாடம். மற்றது சிங்கப்பூரிலிருந்து 2022 முதல் ஓடும், ஸ்டார்ட்ரீம் குரூசஸ் (2025 வரை ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ்) நிறுவனத்தின் ஜெண்டிங் ட்ரீம். ஹலால் உணவுக்கும் இந்தியச் சைவ உணவுக்கும் அங்கே தனிக் கவனம் உண்டு. முதன்முறை போகும் வயதானவர்களுக்கு, அமெரிக்க நிறுவனத்தின் பிரம்மாண்டக் கப்பலைவிட இந்த இரண்டில் ஒன்றை நான் சொல்வேன்.

இரவுகளின் எண்ணிக்கையும் உணவைத் தீர்மானிக்கும். மூன்று நான்கு இரவுப் பயணங்களில் விலை உயர்ந்த பண்டங்கள் பெரும்பாலும் பட்டியலில் வராது; சிங்கி இறால் போன்றவை ஏழு இரவு போன்ற நீண்ட பயணங்களின் விருந்து இரவில்தான் வரும். ஆகையால் நண்பர் ஒருவர் ஏழு இரவு போய்ப் புகழ்ந்தார் என்பதற்காக அதே நிறுவனத்தின் மூன்று இரவுப் பயணத்தில் அதை எதிர்பார்க்கக் கூடாது. அண்மையில், அதே கப்பலில், அதே நீளப் பயணம் போனவர்களிடம் பட்டியலின் படங்களைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து வருடம் முன்பு போனவரின் அனுபவம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இப்போது உதவாது. விலையை ஒப்பிடும்போதும் பயணச்சீட்டோடு ஊழியர் அன்பளிப்பு, குடிபானம், இணையம், ஒன்றிரண்டு கட்டண உணவுகள் எல்லாவற்றையும் கூட்டி, இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த கப்பல் பல வேளைகளில் அப்படி இருக்காது.

சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுத் துறைமுகங்களையும் தொட்டு அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் பயணிகள் கப்பல்களை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதித்து, நூற்றுக்கு மதிப்பெண் போட்டு இணையத்தில் வெளியிடுகிறது. 85-ஓ அதற்குக் கீழோ வாங்கினால் தோல்வி. குளிர் உணவு 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது, சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அங்கே விதி. சோதனையாளர் ஏறுகிறார் என்ற செய்தி வந்ததும் அடுக்களையில் பிடிக்கும் பரபரப்பை நான் மறக்க மாட்டேன். பயணிகள் செய்ய வேண்டியது, சாப்பிடப் போகும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. வாசலில் இருக்கும் கிருமிநாசினித் திரவம், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸுக்குப் போதாது.

வீட்டில் சமைத்ததைக் கட்டிக்கொண்டு போக முடியுமா என்று எல்லாப் பெரியவர்களும் கேட்கிறார்கள். முடியாது, சமைத்த உணவைக் கப்பல் வாசலிலேயே எடுத்துவிடுவார்கள், மின்கெண்டிக்கும் அனுமதி இல்லை. ஆலையில் அடைத்து முத்திரையிட்ட ஊறுகாய், இட்லிப்பொடி, சம்மந்திப்பொடி போன்றவற்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் கப்பலிலிருந்து பழமோ இறைச்சியோ எடுத்துக்கொண்டு துறைமுகத்தில் இறங்காதீர்கள்; சில நாடுகளில் அபராதம் கடுமையாக இருக்கும்.

குறை இருந்தால், அது தட்டில் இருக்கும்போதே தலைமைப் பரிமாறுநரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த சில நிமிடங்களில் மாற்றித் தருவார்கள். பயணம் முடிந்தபின் நிரப்பும் படிவத்தில் குறைந்த மதிப்பெண் போட்டால் அது அந்தப் பரிமாறுகிற பையனின் பெயரில் விழும்; கிராம் கணக்கைக் குறைத்த அலுவலகத்தில் விழாது. அதே படிவத்தில் நன்றாக இருந்ததையும் பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். நான் வேலை பார்த்த கடைசிக் கப்பலில், எங்கள் மாவட்டத்துக் கருங்கல் என்ற ஊருக்கு அருகிலிருந்து வந்த ஒரு தம்பி, தலைமைச் சமையற்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, காலை பஃபேயின் ஒரு மூலையில் தோசைக்கல் போட்டான். ஆளும் இடமும் வீணாகிறது என்று சில வாரங்களில் அதை எடுக்கச் சொல்லிக் கரையிலிருந்து உத்தரவு வந்தது. அதற்குள் அந்தப் பயணத்தில் வந்திருந்த இந்தியக் குடும்பங்களும், சில ஆஸ்திரேலியர்களும்கூட, தோசையைப் பற்றியும் அவன் பெயரைப் போட்டும் படிவத்தில் எழுதியிருந்தார்கள். அந்தப் படிவங்களைத் தலைமைச் சமையற்காரர் உத்தரவுக்கு மறுமொழியாக அப்படியே கரைக்கு அனுப்பினார். அந்தப் பருவம் முடியும்வரை தோசைக்கல் அங்கேயே இருந்தது.